வடிகால் கானைத் தாண்டுவதற்குள் பையன் விழுந்துவிடுகிறான்: தாவல் ஏன் பிந்துது?

லயத்துப்பிள்ளை
அண்ணன்மாரே, அக்காமாரே, கோடோ 4 என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஒரு டூ-டி பிளாட்ஃபார்மர் (பக்கவாட்டில் ஓடித் தாவும் கேம்) செய்யிறேன். எட்டு வயசுப் பையன் விடியக்காலையில் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) கிளம்பி, தேயிலை மலை வழியா கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு அம்மாவைத் தேடிப் போறான். லிம்போ கேம் மாதிரி நிழலுருவம்தான், திரையில் எழுத்தே கிடையாது.

கானைத் தாண்ட பட்டனை அழுத்தினால், எழும்புறதுக்குள்ள உள்ளே விழுந்துடுறான். குனிஞ்சு எழும்ப 5 படம் வரைஞ்சிருக்கேன், விநாடிக்கு 12 படம். ஓடும்போது கால் தரையில் வழுக்குது. மூடுபனிக்கு 5 லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படம்) போட்டதும் போன் திணறுது. ஓடும் வேகம் விநாடிக்கு 300 பிக்சல், தாவும் வேகம் மைனஸ் 400 (மேல்நோக்கி என்பதால் மைனஸ்), ஈர்ப்பு 980, எல்லாம் கோடோவின் டெம்ப்ளேட்டில் வந்தபடியே. பையன் உயரம் 60 பிக்சல்.

தலவாக்கலை கோடிங்
தம்பி, கால் வழுக்குறதுக்கும், தாவல் அளவு பொருந்தாததுக்கும் வேர் ஒன்றுதான்: பையனுக்கு அளவுகோல் வைக்கலை. எட்டு வயசுப் பிள்ளையை 1.2 மீட்டர்னு வைங்க. அப்போ 50 பிக்சல் ஒரு மீட்டர். உங்க 300 வேகம் விநாடிக்கு 6 மீட்டர். ஓட்டத்துக்கு 8 படம் போட்டிருந்தால் ஒரு சுற்றுக்கு 200 பிக்சல் நகரும், அதாவது ஓரடிக்கு 2 மீட்டர். எந்தப் பிள்ளையும் அப்படி எட்டு வைக்காது, அதனால்தான் வழுக்குது. வேகத்தை 150 ஆக்குங்க.

தாவலும் அப்படித்தான். 400ஐ வர்க்கமாக்கி, ஈர்ப்பின் இரு மடங்கால் வகுத்தால் கிட்டத்தட்ட 82 பிக்சல். பையன் தன் உயரத்தையே தாண்டிக் குதிக்கிறான்! மைனஸ் 262 வைங்க, 35 பிக்சல் எழும்புவான். காற்றில் இருப்பது அரை விநாடிக்குச் சற்று மேல், அதற்குள் 80 பிக்சல் கடப்பான். ஆகவே கானின் அகலம் 60க்கு மேல் வேண்டாம்.

இப்போ பிந்துறது. 5 படம் என்றால் 0.42 விநாடி, 300 வேகத்தில் அதற்குள் 125 பிக்சல் ஓடிப் போயிடுறான். ஓடும்போது தாவினால் குனியும் படமே வேண்டாம், பட்டன் அழுத்திய அதே கணத்தில் வேகத்தைக் கொடுங்க. நின்ற இடத்தில் தாவ 2 படம் போதும். உடம்பின் பாரத்தைத் தரை தொடும்போது காட்டுங்க: முழங்கால் மடங்க 3 படம், ஆனால் அந்நேரம் நகர முடியணும். கரையை விட்டுக் கால் போன பிறகும் 0.1 விநாடிக்குத் தாவ விடுங்க. தரையைத் தொட 0.12 விநாடி முன்னே அழுத்தினாலும் நினைவில் வைத்துத் தாவ வைங்க. இந்த ரெண்டும் இல்லாவிட்டால் விளையாடுறவர் தன் விரலைத்தான் குறை சொல்வார்.

மஸ்கெலியா பென்சில்
படம் வரையிற பக்கத்துக்கு நான் சொல்றேன். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவுக்கு (1989) ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு வீடியோ எடுத்து, அதற்கு மேல்தான் வரைந்தார். நீங்களும் ஒரு பிள்ளையை, வீட்டில் கேட்டுக்கொண்டு, எடுங்க. போனைப் பிள்ளையின் இடுப்பு உயரத்தில், 5 மீட்டராவது தள்ளி, நேர் பக்கவாட்டில் வைங்க. கிட்டே வைத்தால் ஓரங்களில் உடம்பு திரும்பித் தெரியும். விநாடிக்கு 60 ஃபிரேமில் எடுத்து ஐந்துக்கு ஒன்று பொறுக்கினால் சரியாக 12. பெரியவரை எடுத்துச் சுருக்காதீங்க, தலையும் நடையும் பொய் சொல்லும். பீலியில் (தண்ணிக் குழாயில்) தண்ணி பிடித்துக் கேனோடு வரும் பிள்ளையைப் பாருங்க: கேன் பக்கத்துத் தோள் இறங்கி, மற்றக் கை உடம்பை விட்டு விரிஞ்சு நிற்கும். நிழலுருவத்தில் அந்த ஒரு கையே பாரத்தைச் சொல்லிடும்.

பனிக்கு 2 லேயர் போதும். 2048க்கு 2048 படம் ஒவ்வொன்றும் சுருக்காத நிலையில் 16 எம்பி பிடிக்கும், திரை முழுக்க ஒளி ஊடுருவும் ஐந்தை அடுக்கினால் ஒவ்வொரு பிக்சலையும் போன் ஐந்து தரம் வரையணும். பனிக்கு விளிம்பே இல்லை, 512க்கு 256இல் மங்கலாக வரைந்து இழுத்து விரிச்சுக்கலாம். முன்பக்கத் தேயிலைச் செடியால் கான் கரையை மட்டும் மறைக்காதீங்க.

லயத்துப்பிள்ளை
தாவல் சரியாயிடுச்சு, ரொம்ப நன்றி அண்ணே! இன்னொன்னு: தெமோதரை ஒன்பது வளைவு ரயில் பாலத்தை வைக்க ஆசை. திரை 1280க்கு 720.

தலவாக்கலை கோடிங்
பாலம் சுமார் 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். உங்க அளவில் 4550க்கு 1200 பிக்சல். கேமரா ஜூமை 0.5க்கு இறக்கினால் உயரம் முழுக்கத் தெரியும், நீளத்தில் பாதிக்குச் சற்று மேல். ஜூமை ட்வீனில் (ஒரு மதிப்பைப் படிப்படியாக மாற்றும் கோடோ வசதி) 3 விநாடிக்கு மெல்ல மாற்றுங்க. ஓடிக் கடக்க 30 விநாடி ஆகும், அங்கே பொறி எதுவும் வேண்டாம். பையன் திரையில் 30 பிக்சல்தான் இருப்பான், அதனால் அவனுக்குப் பின்னால் மட்டும் பனியை வெளுப்பாக்குங்க.