பெரிய போட்டியாளர் இருக்கும் சந்தையில் புது சாஃப்ட்வேருக்கு என்ன விலை வைப்பது?

நிரலி:
சின்ன நிறுவனங்களுக்கான ஹெல்ப்டெஸ்க் (வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும்) சாஃப்ட்வேர், ஆறு வாரத்தில் வெளியீடு. சந்தையில் வேரூன்றிய போட்டியாளர் ஆளுக்கு மாதம் 50 வாங்குகிறார். நாணயம் எதுவானாலும் விகிதம்தான் முக்கியம். கிட்டத்தட்ட அதே வசதிகளை 25-க்குக் கொடுத்தால் அவருடைய வாடிக்கையாளர்கள் வருவார்களா? இலவசத் திட்டமும் வைக்கலாமா?

தராசு:
பாதி விலைக்குப் போகாதீங்க. சர்வர், சப்போர்ட், பேமென்ட் கமிஷன் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 10 செலவுன்னு வைங்க. 50-க்கு வித்தா கையில 40 நிக்கும், 25-க்கு வித்தா 15. விலைதான் பாதியாகுது, செலவு அப்படியே இருக்கு. 100 பேர்கிட்ட கிடைக்க வேண்டிய பணத்துக்கு 267 பேரைப் பிடிக்கணும். சப்போர்ட் வேலையும் அதே அளவு ஏறும்.

விலைச் சண்டைன்னு வந்தா பெரியவர் தாக்குப்பிடிப்பார், நீங்க மாட்டீங்க. ஸ்லாக்னு ஆபீஸ் அரட்டைச் செயலி இருக்கு. அதுக்குப் போட்டியா 2017-ல மைக்ரோசாஃப்ட் டீம்ஸை ஆஃபீஸ் 365 சந்தாவோடவே சேர்த்துக் கொடுத்தது. தனியா காசு கேட்காத பொருளோட ஸ்லாக் விலையில மோத வழியே இல்ல. 2020-ல ஸ்லாக்காரங்க ஐரோப்பிய ஆணையத்துக்குப் புகார் கொண்டுபோனாங்க.

இப்ப வாங்குறவர் பக்கம் வாங்க. 10 பேர் உள்ள இடத்துக்கு உங்களால மாதம் 250 மிச்சம். ஆனா பழைய டிக்கெட்டுகளை, அதாவது பதிவான புகார்களை, மாத்தணும், ஆட்களைப் பழக்கணும், ரெண்டு மூணு வாரம் ரெண்டையும் ஓட்டணும். எல்லாத்துக்கும் மேல, பழைய இடத்துல வருஷ சந்தா ஏற்கெனவே கட்டியாச்சு. அவர் தயங்குறது இதுக்குத்தான். அந்தச் சுமையை நீங்க தூக்குங்க.

விலை 50-ஏ இருக்கட்டும். பழைய சந்தா முடியுற வரை, அதிகபட்சம் 6 மாதம், உங்ககிட்ட கட்டணம் கிடையாது. பதிலுக்கு 12 மாத ஒப்பந்தம் இன்னைக்கே கையெழுத்தாகணும். 5 மாதம் பாக்கி இருக்கிறவர் 17 மாதத்துல 12-க்குக் கட்டுறார், அதாவது 29% தள்ளுபடி. செலவு போக மாதத்துக்கு 25 நிக்கும், 15 இல்ல. பட்டியல் விலையும் கெடாது.

டேட்டா மாற்றத்தை நீங்களே செஞ்சு கொடுங்க. பெரும்பாலும் மூணு இடத்துல சறுக்கும். இணைப்புக் கோப்புகள் பழைய சர்வரோட லிங்காவே வந்துடும். அந்தக் கணக்கை மூடின அன்னைக்கு எல்லாம் செத்துடும். எல்லா டிக்கெட்டுக்கும் இம்போர்ட் பண்ண தேதியே விழும். மூணாவதுதான் கொடுமை: தானியங்கி அறிவிப்பை அணைக்காம ஏத்தினா, எப்பவோ முடிஞ்ச புகார்களுக்கெல்லாம் "உங்கள் புகார் பெறப்பட்டது"ன்னு ஆயிரக்கணக்கான மெயில் கிளம்பிடும். அதுக்கப்புறம் நீங்க சும்மா கொடுத்தாலும் அவர் வரமாட்டார்.

அளவுகோல்:
தராசு சொன்ன கணக்கு சரி. ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று அதே முறையில் விலை வைத்தால், வாங்குபவர் இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், அவ்வளவுதான். அளவையே மாற்றுங்கள். ஆள் கணக்கில் வாங்கினால் மூன்று பேர் ஒரே லாகினைப் பகிர்வார்கள். எப்போதாவது எட்டிப்பார்க்கும் கணக்காளருக்குத் தனி லாகின் வாங்க மாட்டார்கள். மாதம் 500 டிக்கெட் வரை ஒரு விலை, 2000 வரை இன்னொன்று, ஆட்கள் எத்தனை பேரானாலும் சரி என்று வையுங்கள். போட்டியாளர் இதைப் பின்பற்றினால், ஆள் அதிகமுள்ள வாடிக்கையாளர்களிடம் வரும் வருமானத்தை அவரே வெட்டிக்கொள்ள வேண்டும். அதனால் சட்டென்று இறங்க மாட்டார்.

டிக்கெட் ஒன்றுக்கு இவ்வளவு என்று மட்டும் போகாதீர்கள். புகார் குவியும் மாதம்தான் வாங்குபவருக்கு மோசமான மாதம். அப்போது பில்லும் எகிறினால் கோபம் உங்கள் மேல் திரும்பும். தொடர்ந்து இரண்டு மாதம் வரம்பைத் தாண்டினால் மட்டும் அடுத்த படிக்கு ஏற்றுங்கள்.

ஏணி:
இலவசத் திட்டம் பற்றி. வரம்பு எங்கே கடிக்கிறது என்பதே முக்கியம். ஸூம் குழு அழைப்புக்கு 40 நிமிட வரம்பு வைத்தது. கருவியை முழுதாக ருசித்த பிறகுதான் அது தடுக்கும். உங்களுக்கு ஒரு மெயில் பெட்டி இலவசம், இரண்டாவது பெட்டிக்குக் கட்டணம் என்று வைக்கலாம். ஆனால் நீங்கள் குறிவைப்பது போட்டியாளரிடம் இருப்பவர்களை என்றால் இலவசத் திட்டமே தேவையில்லை. அவர்கள் காசு கொடுத்துப் பழகியவர்கள்.

14 நாள் சோதனைக் காலம் போதும், ஆனால் டேட்டா ஏறி முடிந்த நாளிலிருந்து எண்ணுங்கள். பதிவு செய்த நாளிலிருந்து எண்ணினால் பாதி நாள் காலிப் பெட்டியைப் பார்த்தே கழியும்.

நிரலி:
டிக்கெட் படிகளுக்கு என்ன விலை என்று எப்படிப் பிடிப்பது? ஒரே தடவை கட்டினால் ஆயுள் முழுதும் என்று ஆரம்பச் சலுகை விடலாமா?

தராசு:
ஆயுள் சந்தா வேண்டவே வேண்டாம். பணம் ஒரு தடவை வரும், சர்வரும் சப்போர்ட்டும் மாசாமாசம் கேட்கும். கைக்காசு வேணும்னா 10 மாதக் கட்டணத்துக்கு 12 மாதம் கொடுங்க, தள்ளுபடி 16.7%.

விலை எண்ணுக்கு 1976-ல வந்த வான் வெஸ்டன்டார்ப் முறையில நாலு கேள்வி கேளுங்க: எந்த விலையில தரத்து மேலயே சந்தேகம் வரும், எது மலிவு, எது கொஞ்சம் அதிகம், எதுக்கு மேல யோசிக்கவே மாட்டீங்க. சந்தா பில்லுக்குக் கையெழுத்துப் போடுறவர்கிட்ட மட்டும் கேளுங்க. கருவியைப் பயன்படுத்துறவர் சொல்ற விலை அவர் பையில இருந்து போகாது.