கேமராவை எடுக்கும் முன் எவ்வளவு நேரம் சும்மா பார்க்கிறீர்கள்?

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஆறு ஆண்டுகளாக நிலக்காட்சிப் படங்கள் எடுத்து வரும் எனக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஓர் உதவி தேவைப்படுகிறது.

முன்பு ஓர் இடத்தை அடைந்ததும் முக்காலியை விரித்துவிடுவேன். இப்போது முதல் ஒரு மணி நேரம் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு நடக்கிறேன். சென்ற மாதம் ஓர் ஏரிக்கரையில், சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்வரை நீடிக்கும் அந்தி வெளிச்சத்தில், அதுவரை கண்ணில் படாத ஒன்றைக் கண்டேன்: நாணல் தண்டுகளில் சேறு காய்ந்து வெளுத்திருந்த கோடு, நீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்பதைக் காட்டியது. அன்று எடுத்த ஒரே படம் அதுதான். இந்த ஆண்டு எனக்கு மிகுந்த நிறைவளித்த படமும் அதுவே.

1927இல் அமெரிக்காவின் யோசெமிட்டியிலுள்ள ஹாஃப் டோம் பாறையை மஞ்சள் ஃபில்டருடன் படமெடுத்த நிலக்காட்சிப் படக்கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், தாம் உணர்ந்த வானத்தின் கருமை அதில் வராது என்று உணர்ந்து, எஞ்சியிருந்த கடைசி ஒளிப்படத் தகட்டில், நீல வானத்தை இன்னும் கருமையாகக் காட்டும் சிவப்பு ஃபில்டரைப் பயன்படுத்தினார். அந்த உணர்வு, இடத்தோடு நேரம் செலவிடாமல் வராது என்றே நம்புகிறேன்.

ஆனால் வேலைநாள்களில் எனக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம் மட்டுமே. இந்நிலையில் புதிய இடங்களைத் தேடுவதா, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்வதா? பார்த்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவது பின்னர் படமெடுக்கும்போது உண்மையில் உதவுகிறதா? இரண்டையும் முயன்றவர்கள், ஒரு படத்தையாவது சான்றாகக் காட்டி விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.