சரிவான சுவரில டெக்ஸ்சர் மூலைவிட்டத்தில முறியுது

பண்ணைக்கரை:
யாழ்ப்பாணக் கோட்டையை ஓபன்ஜிஎல்லில (முப்பரிமாணப் படம் வரையிற நிரல் இடைமுகம்) செய்யிறன், சுவரில கல்லுப் படம் (டெக்ஸ்சர்) ஒட்டுறன். ஐங்கோணத் தரை சரி, சுவர்தான் பிரச்சினை. என்ர மொடலில ஒரு சுவர் அடியில 12 மீற்றர், மேல 8 மீற்றர், உயரம் 6 மீற்றர். நாலு மூலைக்கும் (0,0), (1,0), (1,1), (0,1) எண்டு யூவி (படத்தில எந்த இடம் எண்ட ஆள்கூறு) குடுத்து ரெண்டு முக்கோணமா வரைஞ்சால், படுக்கை வரிசைகள் நேரா நிக்குது, நிலைக்குத்து இடுக்குகள் மூலைவிட்டத்தில முறியுது. இன்னொண்டு: படமே சாய்ஞ்சு, நிறமும் குழம்பிக் கிடக்கு. ஜேபெக், 510×512, ஆர்ஜிபி.

நாவற்குழியான்:
ரெண்டாவது சுகம். ஒரு வரிசைக்கு 510×3 = 1530 பைட். ஒவ்வொரு வரிசையும் 4ஆல் பிரிபடுற இடத்தில தொடங்கும் எண்டுதான் ஓபன்ஜிஎல் இயல்பா எடுக்கும், அதால 1532இல போய் அடுத்த வரிசையை வாசிக்குது. வரிக்கு 2 பைட் நழுவினால் படம் சாயும். பிக்சல் 3 பைட் எண்டபடியால் நிறமும் மாறும். கடைசியில பஃபரைத் தாண்டியும் வாசிக்கும், சிலநேரம் புரோகிராமே விழும். படத்தை ஏத்த முதல் அன்பேக் அலைன்மென்டை (அந்த 4 எண்ட அமைப்பை) 1 ஆக்குங்கோ, இல்லாட்டி 4 சானலா, பிக்சலுக்கு 4 பைட்டா, லோட் பண்ணுங்கோ. படம் தலைகீழா வந்தால் லோட் பண்ணேக்கயே புரட்டிவிடுங்கோ. ஓபன்ஜிஎல்லுக்கு முதல் வரிசை அடிவரிசை.

கணக்குப்புலி:
முறிவுக்குக் காரணம், முக்கோணத்துக்கு தன்ர மூண்டு மூலை மட்டும்தான் தெரியும், நாலாவது தெரியாது. கீழ் முக்கோணத்தில ஒரு முழுப்படம் 12 மீற்றரில விரியுது, மேல் முக்கோணத்தில 8 மீற்றரில. ரெண்டும் சந்திக்கிற கோட்டில சரிவு மாறாமல் என்ன செய்யும்? ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) செய்யிற பெர்ஸ்பெக்டிவ் திருத்தம் கமராவின்ர ஆழத்துக்குத்தான், இதுக்கு உதவாது.
மூலைக்கு மூலை கியூ எண்டு மூண்டாவது எண் குடுங்கோ. இந்தச் சரிவகத்தில அது விளிம்பு நீளத்தின்ர விகிதம்: அடியில 3, மேல 2. வெர்டெக்ஸில, அதாவது மூலையில, (யூ×கியூ, வீ×கியூ, கியூ) அனுப்பி, பிராக்மென்ட் ஷேடரில (ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓடுற நிரல்) கியூவால பிரிக்க வேணும். மூலைக்கு மட்டும் ஓடுற வெர்டெக்ஸ் ஷேடரிலயே பிரிச்சால் பழையபடிதான்.

பண்ணைக்கரை:
நன்றி அண்ணை, சாய்வும் போச்சு, முறிவும் போச்சு. ஆனா மேல போகப் போக கல் சின்னனாகுது.

கணக்குப்புலி:
ஆகத்தான் செய்யும் தம்பி. அந்தக் கணக்கில படத்தின்ர கீழ்ப்பாதி 3.6 மீற்றரைப் பிடிக்கும், மேல்பாதிக்கு 2.4தான் மிச்சம். சாய்வா எடுத்த போட்டோவை நிமிர்த்த, பதாகை ஒட்ட கியூ நல்லது. கல்லுச் சுவருக்கு அது தேவையே இல்லை.
யூவியை மூலையில இருந்து எடுக்காமல் மீற்றரில இருந்து எடுங்கோ. படம் 2×2 மீற்றர் சுவரைக் காட்டுது எண்டு வைச்சால், சுவரின்ர தளத்திலேயே அளந்து தூரத்தையும் உயரத்தையும் 2ஆல் பிரிக்க வேண்டியதுதான். அடி (0,0), (6,0). மேல (5,3), (1,3). ராப்பை (யூவி 1ஐத் தாண்டினால் என்ன செய்யிறது எண்ட அமைப்பை) ரிப்பீட்டில விடுங்கோ, படம் திரும்பத் திரும்ப வரும். ரெண்டு முக்கோணத்திலயும் ஒரே சரிவு, முறிய இடமில்லை. பக்கவிளிம்பில கல் வெட்டுப்பட்டு நிக்கும், கட்டின சுவரிலயும் அப்பிடித்தானே. எல்லாச் சுவருக்கும் வீயை ஒரே தரைமட்டத்தில தொடங்கினால் மூலைகளில வரிசை பொருந்தும். படத்தின்ர இடது வலது விளிம்புகள் ஒண்டோடொண்டு இசையாட்டி 2 மீற்றருக்கு ஒரு கோடு தெரியும், அதை முதலே சரிக்கட்டுங்கோ.

நாவற்குழியான்:
ரிப்பீட் போட்டால் தூரத்துச் சுவர் மினுங்கும். படம் ஏத்தின பிறகு மிப்மாப் (அதே படத்தின்ர சின்னச் சின்னப் பிரதிகள்) உருவாக்கி, மின் ஃபில்டரை (படம் சின்னனாத் தெரியேக்க வாசிக்கிற முறையை) லீனியர் மிப்மாப் லீனியர் ஆக்குங்கோ. அதோட சுவர் ஓரமா நிண்டு பாக்கேக்க மங்கும், அதுக்கு அனிசோட்ரோபி (சாய்வாப் பாக்கேக்க படத்தைக் கூர்மையா வைக்கிற ஃபில்டர்) 8 காணும். ஓபன்ஜிஎல் 4.6இல அது உள்ளேயே இருக்கு, பழைய பதிப்பு எண்டால் எக்ஸ்டென்ஷனா இருக்கோ எண்டு பாத்துப் போடுங்கோ.