கப்பலில் இரவு உணவு: குறித்த நேரமா, விருப்ப நேரமா?

கேள்வி:
வரும் ஜூனில் சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்குக் கப்பலில் செல்லவிருக்கிறோம். மாலை 6 மணிக்கும் 8 மணியை ஒட்டியும் நடக்கும் இரு பந்திகளில் ஒன்றைத் தேர்வதா, விரும்பிய நேரத்தில் சென்று அமர்வதா என்று முன்பதிவிலேயே கேட்கிறார்கள். நீரிழிவு உள்ள என் தாயார் நேரம் தவறாமல் உண்ண வேண்டியவர். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
தாயாருக்காகக் குறித்த நேரத்தையே தேர்ந்தெடுங்கள். ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர் என்பதன் அருமை எங்களுக்கு மூன்றாம் நாளில் புரிந்தது. நாங்கள் உட்காரும் முன்பே என் மாமியாரின் இடத்தில் வெந்நீரும், சர்க்கரை சேர்க்காத பழக்கிண்ணமும் காத்திருந்தன. அதற்கு முந்தைய பயணத்தில் விருப்ப நேர முறையில் 7 மணிக்குச் சென்று நாற்பது நிமிடம் வாசலில் நின்றோம். உப்பைக் குறைக்கும்படி ஒவ்வோர் இரவும் புதியவர் ஒருவரிடம் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது.

மறுமொழி 2:
நான் இதில் மாறுபடுகிறேன். 2000-ஆம் ஆண்டில் நார்வீஜியன் குரூஸ் லைன் என்ற கப்பல் நிறுவனம் 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில் பந்தி நேரத்தையும் உடைக் கட்டுப்பாட்டையும் தளர்த்தியது பயணிகளுக்குப் பெரிய விடுதலை. ஜூனில் அலாஸ்காவின் ஜூனோ நகரில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அங்குள்ள மெண்டன்ஹால் பனியாற்றின் முன் நிற்பவர் 6 மணிப் பந்தியை நினைத்து ஓடிவரக் கூடாது.

மறுமொழி 3:
விருப்ப நேரத்திலும், மனத்துக்குப் பிடித்த பரிமாறுபவரின் பகுதியிலேயே இடம் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு ஐந்து இரவுகள் அப்படி இடம் கிடைத்தது. தாயாரின் உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.