‘ஸ்கூல் டேஸ்’ பார்த்து நொந்தவர்கள் யாராவது உண்டா?

கடைசி பெஞ்ச் கண்ணாடி

ஸ்பாய்லர் நிறைய வரும். 2007-ல் வந்த அனிமேக்கு (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) இனிமேல் என்ன ஸ்பாய்லர் என்று துணிந்துவிட்டேன்.

விடுதியில் ரூம்மேட்டின் ஹார்ட் டிஸ்க்கில் ‘லவ் காமெடி’ என்று ஒரு ஃபோல்டர். அதில் கிடந்தது. பன்னிரண்டே எபிசோட், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சரியாக இருக்கும் என்று ஆரம்பித்தேன். ஹேரம் என்றால் என்ன வரும் என்று நமக்குத் தெரியாதா? ஒரு பையன், சுற்றி நாலைந்து பெண்கள், ஒரு கடற்கரை எபிசோட், கடைசிவரை யாரையும் தேர்ந்தெடுக்க மாட்டான். முதல் எபிசோடும் அப்படித்தான் போனது. ரயிலில் தினமும் பார்க்கும் கொத்தோனோஹாவின் போட்டோவை மகோட்டோ செல்போன் திரையில் வைத்துக்கொள்வான். மூன்று வாரம் யார் கண்ணிலும் படாமல் இருந்தால் காதல் கைகூடும் என்று ஒரு நம்பிக்கை. பக்கத்து சீட்டு செக்காய் அதைப் பார்த்துவிடுவாள், நானே சேர்த்துவைக்கிறேன் என்பாள். அழகாகத்தான் இருந்தது.

நடுவில் மகோட்டோ இரண்டு பேரையும் எப்படி ஏமாற்றினான் என்று உங்களுக்கே தெரியும். என்னை இன்றுவரை விடாதது அந்தக் கெட்டில். கடைசி எபிசோடில் அடுப்பில் கெட்டில் கொதிக்கிறது. மகோட்டோவுக்கு செக்காயிடமிருந்து மெசேஜ் வருகிறது. அதே வீட்டில் இருப்பவள் எதற்காக மெசேஜ் அனுப்புகிறாள் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் கத்தி இறங்கிவிட்டது. அவன் தரையில் கிடக்கிறான், கெட்டில் பாட்டுக்குக் கூவிக்கொண்டே இருக்கிறது. அடுப்பை அணைக்க ஆள் இல்லை.

அன்றைக்கு இரவு மெஸ்ஸில் சாப்பாடு இறங்கவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. ஏமாந்துவிட்டோம் என்ற எரிச்சல்தான் அதிகம். உங்களுக்கும் இப்படி இருந்ததா?

அரைத்தூக்கம்

நீங்கள் கொடுத்துவைத்தவர். நான் படகைப் பார்த்துவிட்டுத்தான் அனிமேவுக்கே போனேன்.

தெரியாதவர்களுக்கு: கடைசி எபிசோட் 2007 செப்டம்பர் 18 அன்று டிவி கனகாவாவில் வர வேண்டியது. அதற்குச் சற்று முன்பு கியோட்டோவில் 16 வயதுப் பெண் ஒருத்தி தன் அப்பாவைக் கோடரியால் வெட்டிக் கொன்றுவிட்டாள். சேனல் எபிசோடைத் தூக்கிவிட்டு, அந்த அரை மணி நேரத்துக்கும் இயற்கைக் காட்சிகளை ஓட்டியது. பின்னணியில் இசைமேதை பாக்கின் (Bach) இசை. அதில் நார்வே பக்கத்துக் கப்பல் ஒன்று வந்ததைப் பார்த்து எவனோ இணையத்தில் ‘நைஸ் போட்’ என்று எழுதப்போக, அதுவே பெயராகிவிட்டது. அதே சமயம் ஓடிக்கொண்டிருந்த ‘ஹிகுராஷி’ என்ற கொலைக்கதை அனிமேயின் இரண்டாம் சீசனையும் சில சேனல்கள் நிறுத்தின. கடைசியில் ஏ.டி.எக்ஸ் சேனலில் 27-ம் தேதி எபிசோட் வந்தது. வந்த பிறகு பார்த்தால் உண்மையான முடிவிலும் ஒரு படகு! கொத்தோனோஹா அதில்தான் அவன் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கடலில் மிதக்கிறாள். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, தானாக அமைந்தது.

இதெல்லாம் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் பதினோரு எபிசோடும் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிற மாதிரி. படகு எப்போது வரும், படகு எப்போது வரும். வந்தபோது கொட்டாவிதான் வந்தது. என் ஏமாற்றம் அந்த வகை.

மழைக்கால மாடி

இரண்டு பேருமே முடிவைப் பற்றியே பேசுகிறீர்கள். ரத்தம் வந்த பிறகுதான் இருட்டானதா? முதல் எபிசோடின் கடைசி நிமிடத்தைத் திரும்பப் பாருங்கள். கொத்தோனோஹாவோடு சேர்த்துவைத்ததற்குக் கூலி என்று ரயில் நிலையத்தில் மகோட்டோவுக்கு முத்தம் கொடுத்துவிட்டு ரயிலேறிப் போய் அழுவாள் செக்காய். அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கு மறக்காதது போன். மகோட்டோ கொத்தோனோஹாவின் நம்பரிலிருந்து அழைப்பே வராதபடி செய்துவிட்டான். கிறிஸ்துமஸ் சமயம், தெருவெல்லாம் விளக்கு, கொத்தோனோஹா போனைக் காதில் வைத்து அவனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். மறுமுனையில் ஆளே இல்லை. கண்ணில் வழக்கமாகப் போடும் அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளி இருக்காது. வரைந்தவர்கள் எடுத்துவிட்டார்கள். நான் அங்கே நிறுத்திவிட்டு இரண்டு நாள் கழித்துத்தான் தொடர்ந்தேன்.

அப்புறம் ஒன்று. எல்லோரும் மகோட்டோவை மட்டும் திட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அவன் அயோக்கியன்தான், சரி. அவளைத் தனியாக விட்டு வேடிக்கை பார்த்த வகுப்புப் பெண்கள்? அவர்களுக்கு ஒரு கெட்ட பெயரும் இல்லை.

பழைய சிடி கடை

மழைக்கால மாடி சொன்னதில் பாதிதான் சரி. என் கதை சின்னது: ‘ஷஃபிள்’ (2005) என்ற இன்னொரு ஹேரம் அனிமே பார்த்துவிட்டு அதே மாதிரி இருக்கும் என்று நம்பி இதற்குள் வந்தேன், மாட்டிக்கொண்டேன். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எல்லோரும் தப்பான வரிசையில் பார்க்கிறீர்கள் என்பது தெரிகிறது, அதனால் சொல்கிறேன். முதலில் ‘ஷஃபிள்’ பாருங்கள். அதில் கயேதே என்ற பெண் வராத ஒருவனுக்காகக் காலிப் பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டு நிற்பாள். உள்ளே ஒன்றும் இருக்காது, கரண்டி மட்டும் சுற்றும். மனம் உடைவதை அவ்வளவில் காட்டிவிடலாம், கத்தி தேவையில்லை. ஆனால் அவர்கள் அதைத் தொட்டுவிட்டுச் சீக்கிரமே பழைய பாதைக்குத் திரும்பிவிட்டார்கள். ‘ஸ்கூல் டேஸ்’ திரும்பவில்லை. அந்த நேர்மைக்காவது மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

அடுத்து, இதன் மூலம் 2005-ல் ஓவர்ஃப்ளோ நிறுவனம் போட்ட விளையாட்டு என்பதை மறக்காதீர்கள். அதில் நாம் எடுக்கும் முடிவைப் பொறுத்துப் பல முடிவுகள் உண்டு. நல்லபடியாக முடிவதும் உண்டு, ரத்தத்தில் முடிவது சிலதான். அனிமே மோசமான வழியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. விளையாட்டில் தப்பு செய்தால் அது நம் தப்பு, அனிமேயில் நாம் வெறுமனே உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். ஏமாற்றம் அங்கிருந்துதான் வருகிறது என்பது என் கட்சி.

மூன்றாவது, 2008-ல் வந்த இரண்டு ஓ.வி.ஏ-க்களையும் (டிவியில் வராமல் நேரே டிஸ்க்கில் வரும் சிறப்பு எபிசோட்கள்) தொடாதீர்கள். ஒன்றில் செத்துப்போனவர்கள் எல்லோரும் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலன்டைன் தினம் கொண்டாடுகிறார்கள். இன்னொன்றில் கொத்தோனோஹாவின் தங்கை மந்திரச் சிறுமியாக வருகிறாள். எந்த மனநிலையில் எடுத்தார்களோ! நான்காவது, இயக்குநர் கெய்தாரோ மோத்தோனாகாதான் பிற்பாடு ‘டேட் எ லைவ்’ (2013) எடுத்தார். அதுவும் ஹேரம்தான், இந்தக் கசப்பு கொஞ்சமும் கிடையாது. வாய் கசந்தவர்கள் அதைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஐந்தாவது, இரவில் தனியாகப் பார்க்காதீர்கள், சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள், காதலிப்பவரோடு சேர்ந்து

கடைசி பெஞ்ச் கண்ணாடி

அண்ணா, எழுத்து எல்லை தாண்டி பதிவு வெட்டுப்பட்டுவிட்டது. மீதியை அனுப்ப வேண்டாம். நான் கேட்டது உங்களுக்கு எப்படி இருந்தது என்று மட்டும்தான்.

அரைத்தூக்கம்

சிடி கடை அண்ணன் நேர்மை என்று சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் மூன்று பேரும் சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்ட அதே மொட்டைமாடியில், கொத்தோனோஹா செக்காயைக் கொல்லும் கடைசிக் கொலையை வைத்திருக்கிறார்கள். அது நேர்மையா? பார்ப்பவனை எங்கே குத்தினால் வலிக்கும் என்று அளந்து குத்தியது அது.

மழைக்கால மாடி

அளந்து குத்தியது என்கிறீர்கள், கொட்டாவி வந்தது என்றும் சொன்னீர்கள். எது நிஜம்?

பூரி மசால்

இங்கே எல்லாரும் சீரியஸாக இருக்கிறீர்கள். என் கஷ்டம் வேறு. ‘டீமன் ஸ்லேயர்’ அனிமேயின் ரயில் படத்தில் எல்லோரையும் தூங்கவைக்கும் என்மு பேச ஆரம்பித்தான், நெஞ்சு திக்கென்றது. எங்கேயோ கேட்ட குரல். பெயரைத் தேடினால் தைசுகே ஹிராகாவா. மகோட்டோவுக்குக் குரல் கொடுத்தவர்! பக்கத்தில் தம்பி, படத்தில் செத்துப்போகும் வீரன் ரெங்கோகுவுக்காக அழுகிறான், நான் மட்டும் ‘இவன் இன்னும் ரயிலை விடவில்லையா’ என்று சிரித்துத் தொலைத்தேன். தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

புதுமுகம்_12

வணக்கம் அண்ணா அக்காக்களே. நேற்றுதான் ஆரம்பித்தேன், இரண்டாவது எபிசோடில் இருக்கிறேன். செக்காய் ரொம்ப ஜாலியான பெண்ணாக இருக்கிறாள். மேலே இன்னும் படிக்கவில்லை, நீளமாக இருந்தது. மகோட்டோ கடைசியில் இரண்டு பேரில் யாரோடு சேர்வான் என்று மட்டும் யாராவது சொல்லுங்களேன்?

கடைசி பெஞ்ச் கண்ணாடி

தம்பி, சாப்பிட்டாயா?