சீனியர்களை மென்டர்களாகப் பழக்கியவர்களே, மென்டராக இருந்தவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

பயிற்சி ஒருங்கிணைப்பாளர் (கணிதத் துறை):

ஜூனியர்களுக்குப் பாடத்தில் துணை நிற்கச் சீனியர் மாணவர்களைத் தயார் செய்யும் வேலை சில ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. இதே வேலையைச் செய்பவர்கள், மென்டராக இருந்தவர்கள், மென்டரிடம் போனவர்கள் யாராக இருந்தாலும் நடந்ததை எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

மென்டராக விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படிப்பவர்கள். சிக்கலே அங்கேதான். கேள்வி காதில் விழுந்ததும் விடை வாய்க்கு வந்துவிடும். பயிற்சியில் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்து ரோல்பிளே செய்யச் சொல்வேன். ஜூனியராக நடிப்பவர் 'இந்தத் தொகையிடல் எனக்கு வரவே மாட்டேங்குது' என்று முடிப்பதற்குள் மென்டரின் கை பேனாவைத் தேடும். தாளைத் தன் பக்கம் இழுத்து, கடகடவென்று நாலு வரி எழுதி, 'புரிஞ்சுதா?' என்பார். எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை நம்பக் கூடாது என்று புரிய வைப்பதற்கே பயிற்சியில் பாதி நேரம் போய்விடுகிறது.

அதனால் ஒரு விதி வைத்தேன்: பேனா ஜூனியர் கையில்தான் இருக்கும். இன்னொன்று, கேள்வி கேட்டால் காத்திருக்க வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக 1 நொடி அளவுக்குத்தான் பொறுக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை 3 நொடி ஆக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதிலே வராத இடங்கள் குறைந்தன. இதைச் சொன்னால் எல்லாரும் குறித்துக்கொள்வார்கள். செய்யச் சொன்னால்தான் தெரியும் கஷ்டம்.

ஒரு பையன் நன்றாகவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். ஆனால் ஜூனியரின் பேனா சரியான படிக்குப் போனால் இவன் புருவம் உயரும், தப்பான படிக்குப் போனால் உதடு சுழிக்கும். ஜூனியராக நடித்த பெண் கொஞ்ச நேரத்தில் தாளைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்தே கணக்கை முடித்தாள்! அந்தப் பயிற்சி முடிந்தபின், மென்டர் எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார வேண்டும், இருவர் கண்ணும் தாளில் இருக்க வேண்டும் என்று மாற்றிவிட்டோம்.

முன்னாள் மென்டர் (வேதியியல்):

புருவம் கதையைப் படித்துச் சிரித்தேன், நானும் அந்த ரகம்தான். ஆனால் பேனா விதியில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஓரளவு தெரிந்தவனுக்கு அது சரி. ஒன்றுமே தெரியாமல் வந்து உட்காருபவனிடம் பேனாவைக் கொடுத்து 'நீயே ஆரம்பி' என்றால் வெறும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். ஸ்வெல்லர், கூப்பர் என்ற கல்வி ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட இயற்கணித ஆய்வில், தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்துப் பார்த்தவர்கள் அதே மாதிரிக் கணக்குகளைக் குறைந்த நேரத்தில், குறைந்த பிழைகளோடு செய்தார்கள். ஆகவே முதல் கணக்கை நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்து காட்டுவேன். இரண்டாவதில் கடைசிப் படிகளை அவன் செய்வான். மூன்றாவதில் பேனா முழுக்க அவனுடையது.

எங்கள் பயிற்சியில் எனக்கு உண்மையிலேயே கைகொடுத்தது 'நீ எப்படி யோசிச்சேன்னு சொல்லு' என்ற ஒரே கேள்வி. அமிலம், காரம் பாடத்தில் தொடர்ந்து மதிப்பெண் இழந்த ஒரு மாணவி வந்தாள். சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். கால்குலேட்டரும் சரியாகத்தான் தட்டினாள். நான் முதலில் நினைத்தது பயிற்சி போதவில்லை என்று. இந்தக் கேள்வியைக் கேட்டதும் சொன்னாள்: 'பிஹெச் 3-லேர்ந்து 6 ஆச்சுன்னா அமிலத்தன்மை பாதியாயிடும், அதான்கா.' பிஹெச் ஒன்று கூடினாலே ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்தில் ஒரு பங்காகும், மூன்று கூடினால் ஆயிரத்தில் ஒரு பங்காகிறது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. பள்ளியில் மடக்கையை (லாகரிதம்) சும்மா அட்டவணை பார்க்கிற வேலையாகக் கடந்து வந்திருக்கிறாள். அப்புறம் நாங்கள் வேதியியலை மூடி வைத்துவிட்டு 10, 100, 1000 என்று எழுதி மடக்கையிலிருந்து தொடங்கினோம். நான் நாலு கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தால் அதையும் மனப்பாடம் செய்துகொண்டு போயிருப்பாள்.

இரண்டாம் ஆண்டு மாணவி:

நான் மென்டரிடம் போன பக்கம். முதல் செமஸ்டரில் போகவே இல்லை. காரணம், இன்டர்னலில் ஃபெயிலானவர்கள் பெயரையும் அவரவர் மென்டர் பெயரையும் ஒரே பட்டியலாக நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அந்த அறைக்குள் நுழைந்தாலே 'மக்கு' என்று முத்திரை. என் மென்டர் அக்கா பாவம், தனியாக உட்கார்ந்து தன் ரெக்கார்டை எழுதிவிட்டுப் போவார்களாம். அடுத்த செமஸ்டரில் பட்டியலை எடுத்துவிட்டு, 'தெர்மோடைனமிக்ஸ், வாரம் இரண்டு மாலை, யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று மட்டும் போட்டார்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவளே போனாள். அவள் பின்னாடியே நாங்களும் போனோம்.

பயிற்சி ஒருங்கிணைப்பாளர்:

தங்கச்சி சொன்னது மிக முக்கியம். 1973-இல் அமெரிக்காவில் மிசோரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கிய 'சப்ளிமெண்டல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' முறையின் அடிப்படையே இதுதான். பலரும் தோற்கும் பாடம் எது என்று பார்த்து, அந்தப் பாடத்தில் இருக்கும் எல்லாருக்கும் அமர்வு நடத்துவார்கள். தோற்கும் மாணவர்களைத் தனியாகப் பொறுக்கி எடுப்பதில்லை. அமர்வை நடத்துபவர் அந்தப் பாடத்தை ஏற்கெனவே நன்றாக முடித்த மாணவர். ஆனாலும் வகுப்பில் மறுபடி போய் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். எங்கள் மென்டர்களிடம் இதைச் சொன்னால்தான் முகம் சுருங்குகிறது!

மூன்றாம் ஆண்டு மென்டர்:

பாடத்தை விட்டுக் கொஞ்சம் விலகிய விஷயம், ஆனால் பயிற்சியில் கட்டாயம் இருக்க வேண்டியது.

ஒரு ஜூனியர் பெண் இரவு மெசேஜ் அனுப்பினாள். அசைன்மென்ட் தேதி கேட்பது போலத் தொடங்கி, 'இதெல்லாம் எதுக்குன்னே தோணுது அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க' என்று வந்தது. எங்களுக்குப் பயிற்சியில், ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். முதல் சந்திப்பிலேயே ஜூனியரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: நீ சொல்வது என்னோடு இருக்கும், உன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் உதவக்கூடியவரிடம் சொல்வேன். நான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். அதனால் அந்த இரவில் நம்பிக்கைத் துரோகம் என்ற பேச்சு வரவில்லை.

உடனே போன் செய்து, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். கேட்டால் புதிதாக அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. இருக்கிறது என்றாள். ரூம்மேட்டை எழுப்பி அவளோடு இருக்கச் சொன்னேன். நான் லைனில் இருந்துகொண்டே வேறொரு போனில் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டேன், அவர் விடுதிக் காப்பாளரோடு நேரில் போனார். காலையில் கவுன்சிலரிடம் நானும் கூடப் போய்க் கதவு வரை விட்டு வந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்பதும் என் வேலை இல்லை. அவள் இப்போதும் என்னிடம் பாடத்துக்கு வருகிறாள்.

முன்னாள் மென்டர் (ஆங்கில இலக்கியம்):

'அண்ணா, இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க' கோஷ்டியைப் பற்றி யாரும் எழுதவில்லையே! கொஞ்சம் என்பார்கள், திறந்தால் இரண்டே பத்தி இருக்கும், மீதி என் தலையில். நான் கோப்பைத் தொட மாட்டேன். ஒவ்வொரு பத்தியிலும் என்ன சொல்ல வந்தாய் என்று வாய்ஸ் மெசேஜில் பேசி அனுப்பு என்பேன். எழுதியதைவிடப் பேசியது எப்போதும் தெளிவாக இருக்கும். 'இப்போ பேசினதை எழுது' என்று சொல்லிவிட்டால் பாதி திருத்தம் முடிந்தது. சிலர் வாய்ஸ் மெசேஜே அனுப்பாமல் காணாமல் போவார்கள். சரி, அதுவும் ஒரு பதில்தான்.

விரிவுரையாளர்:

ஒருநாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ. இதோடு முடியும் மென்டர் திட்டங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன எதுவும் ஒரு நாளில் வராது. சிஆர்எல்ஏ (காலேஜ் ரீடிங் அண்ட் லேர்னிங் அசோசியேஷன்) என்ற அமெரிக்க அமைப்பு மாணவ டியூட்டர்களுக்கான முதல்நிலைச் சான்றுக்கே குறைந்தது 10 மணிநேரப் பயிற்சியும் 25 மணிநேரம் நிஜமாகவே சொல்லிக் கொடுத்த அனுபவமும் கேட்கிறது. பயிற்சியை மட்டும் வைத்துச் சான்று கொடுப்பதில்லை என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் துறையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மென்டர்கள் கூடிப் பேசுகிறார்கள். ஜூனியரின் பெயரைச் சொல்லக் கூடாது, நடந்ததை மட்டும் சொல்லலாம். நான் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அங்கே அதிகம் வரும் புகார் ஜூனியர்களைப் பற்றியது அல்ல, தேர்வு வாரத்தைப் பற்றியது. மென்டர்களுக்கும் அதே வாரத்தில்தான் தேர்வு, ஜூனியர்களோ அப்போதுதான் படையெடுப்பார்கள். அதனால் தேர்வுக்குப் பத்து நாள் முன்பே தனிச் சந்திப்புகளை நிறுத்திவிட்டு, பாடத்துக்கு ஒரு பொது அமர்வு மட்டும் வைக்கிறோம், அதையும் அந்த வாரம் தேர்வு இல்லாத மென்டர்தான் நடத்துகிறார். முதுகலை மாணவர்கள் இரண்டு பேரை இதற்காகவே சேர்த்திருக்கிறோம். வேறு வழி கண்டவர்கள் சொல்லுங்கள்.