புதுப்பிப்பு: அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரெஸில் டாலர் மாற்றுவது

2023-இல் போய் வந்ததும், "100 டாலர் நோட்டாகவே கொண்டு போங்கள், ஃப்ளோரிடா தெருவில் மாற்றினால் வங்கியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெசோ கிடைக்கும்" என்று எழுதியிருந்தேன். அதை நம்பி இப்போது யாரும் கட்டுக்கட்டாகப் பணத்தோடு கிளம்பிவிட வேண்டாம்.

2025 ஏப்ரலில் தனிநபர்கள் டாலர் வாங்க இருந்த கட்டுப்பாட்டை அரசு பெரும்பாலும் எடுத்துவிட்டது. டாலருக்கு வங்கி தரும் விலைக்கும் 'ப்ளூ' விலைக்கும், அதாவது தெருவில் கிடைக்கும் கள்ளச்சந்தை விலைக்கும், இருந்த பெரிய இடைவெளி சுருங்கிப் போனது. போன மாதப் பயணத்தில் பெரும்பாலும் கார்டிலேயே செலவு செய்தேன், நஷ்டமில்லை.

ஃப்ளோரிடா தெருவில் "காம்பியோ, காம்பியோ" (பணம் மாற்று) என்று கூவுகிறவர்கள் இன்னும் நிற்கிறார்கள். அர்போலித்தோ, அதாவது குட்டி மரம், என்று அவர்களுக்குப் பெயர். பின்னாலேயே போனால் மாடியில் ஒரு சின்ன அறை. அதற்குப் பெயர் குவேவா, குகை. கைச்செலவுக்கு 200 டாலர் நீட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஒரு நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் மெல்லிய பேனாக் கோடு. பேசாமல் திருப்பித் தந்துவிட்டார். தலைவர் படம் சின்னதாக இருக்கும் பழைய டாலர் நோட்டுக்கும் விலை குறைவுதான். 2023-இல் 1,000 பெசோ நோட்டுகளால் பை பிதுங்கியது, இப்போது 20,000 நோட்டு இருப்பதால் சட்டைப்பையிலேயே அடங்கிவிட்டது.

அப்புறம், இப்படித் தெருவில் மாற்றுவது சட்டப்படி சரியா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சரியில்லை. ஊரே கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும்.